வருகைப் பதிவு

கரூரில் கொசுவலைக் கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறவன் நான்.
சம்பளமில்லா விடுப்பில் மூன்று மாதம்
டோங்காட் பக்கம், ஹம்பநாதியில்,
தகரக் கூரைப் பாலர் பள்ளி ஒன்றில்
மூக்குச் சளி துடைத்தேன்.

ஹம்பநாதி என்றால் 'எங்களோடு நட' என்று பொருளாம்.
முப்பத்தோரு பிள்ளைகள்.
நடக்கிறவர் ஒருவரும் இல்லை. எல்லாம் ஓட்டம்.

மாலுமே என்று கூப்பிட்டார்கள்.
மாமன் என்று அர்த்தம்.
எனக்கென்னவோ மாலுமி என்றே கேட்டது,
கடலைப் பார்த்தாலே குமட்டுகிறவனுக்கு.

காலையில் சோளமாவில் உதிரியாக ஒன்று.
பூத்து என்றார்கள், புட்டு என்று உட்கார்ந்தேன்.
தேங்காய்ப்பூவைத் தேடிய என் விரல்களைப் பார்த்து
லுவாசி சிரித்தான்.
முதல் நாள் என் மணிக்கட்டைக் கடித்தவன் அவன்.

வருகைப் பதிவை என்னிடம் தந்தார் மாந்தூலி டீச்சர்.
இதையாவது உருப்படியாகச் செய்வான் என்று நினைத்திருக்கலாம்.
என் விமானச் சீட்டுக் காசு
ஓர் ஆயாவுக்கு ஏழு மாதச் சம்பளம் என்று
கோபமில்லாமல் கணக்குச் சொன்னவரும் அவர்தான்.
கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

அயபோங்கா. யேபோ.
தாண்டெகா. யேபோ.
செபிலே.
செபிலே.
பச்சைக் கம்பளித் தொப்பிக்குக் கீழே
நாலு வயசுக் கண்கள்
வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்று
ஜன்னலுக்கு வெளியே தேடின.

அது 'செ' இல்லை, மாலுமே.
நாக்கு நுனியை மேற்பல்லில் ஒட்டி
வெடுக்கென்று இழுத்தார் டீச்சர்.
அந்தச் சத்தத்தில் தொடங்கிப் பெயரை முடிப்பதற்குள்
கை உயர்ந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த சத்தம்தான்.
இழவுச் செய்தி வந்தால்,
கைக்கெட்டிய வரன் தட்டிப்போனால்,
ஐந்து மார்க்கில் ஒருத்தி ஃபெயிலானால்
எங்கள் தெருவே உச்சுக் கொட்டுமே, அதே ச்ச்.
வருவதற்கு முன்
இந்தப் பிள்ளைகளின் புகைப்படங்களைப் பார்த்து
நானும் ஏழெட்டு முறை கொட்டியிருக்கிறேன்.

பரிதாபத்துக்கென்று நாங்கள் ஒதுக்கிவைத்ததை
இங்கே ஒரு பெண்ணின் பெயருக்கு
முதலெழுத்தாகப் போட்டிருக்கிறார்கள்.

எனக்கு அது தனியாக வரும்.
பின்னால் மிச்சப் பெயர் வந்து ஒட்டாது.
நடுவில் ஒரு பெருமூச்சு புகுந்துவிடும்.
பழக்கதோஷம்.

லோகன் மூட்லியின் வேனில் போகவரப் பழகினேன்.
அவருக்குத் தமிழில் மிச்சம்
ரசம், சாமி, இரண்டு வசவு.
இந்தச் சத்தமோ தண்ணீர்பட்ட பாடு.
கரும்புக் காடு முடியும்வரை சொல்லிக்காட்டினார்.
வருத்தப்படாமல் சொல்லிப் பார், என்றார் ஆங்கிலத்தில்.
யாரும் சாகவில்லை.

ஒருநாள் கரும்பு கொளுத்தினார்கள்.
வெயிலில் காயப்போட்ட மெத்தைகள் மேல்
கரிச்சுருள் பறந்துவந்து இறங்கியது.
ஆளுக்கொன்றாய் இழுத்துக்கொண்டு ஓடினோம்.
தன்னைவிடப் பெரிய மெத்தையோடு
அவள் வாசற்படியில் தடுக்கப் போக,
யோசிக்க நேரமில்லாமல்
அவள் பெயர் என் வாயிலிருந்து முழுசாக விழுந்தது.

மெத்தையைக் கீழே விட்டாள்.
யேபோ, மாலுமே.
அவ்வளவுதான்.
அதன்பின் மூக்கைச் சிந்த
என் சட்டையைத் தவிர வேறெதையும் அவள் தொடவில்லை.

பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.
செல்வம் படைத்தவள், என்றார் டீச்சர்,
கிழிந்த மெத்தையுறைக்கு ஊசி கோத்தபடி.

கடைசி நாள் அவள் வரவில்லை.
இரண்டு முறை கூப்பிட்டேன், சரியாகவே.
லுவாசி என்னைத் திருத்தவில்லை.
பெயருக்கு நேரே கட்டத்தில்
நானே கோடு போட்டேன்.

ஊர் வந்து இருபது நாள்.
எதிர்வீட்டில் சினைமாடு செத்துப்போனதாம்.
அம்மா வாசலில் நின்று உச்சுக் கொட்டுகிறாள்.
கணக்கு நோட்டிலிருந்து நிமிர்ந்து பார்க்கிறேன்,
எந்தப் பக்கம்
கை உயர்கிறதென்று.