தனி அடுப்பு

மணவாளக்குறிச்சி பிரிவு அலுவலகம்.
மின்வாரியத்திலேயே மின்சாரம் போன மதியம்.
செருப்பிலிருந்து உதிர்ந்த கரிய மணலை
மேசைக் கண்ணாடியில் ஓரமாக ஒதுக்கிவிட்டு
பழைய வெள்ளை அட்டையின் பின்பக்கம்
கணக்குப் போட்டேன்.
படித்தது இயற்பியல். பார்ப்பது மீட்டர்.

தோரியம்.
புரோட்டான் தொண்ணூறு, நியூட்ரான் நூற்று நாற்பத்திரண்டு.
தனித்தனியாக நிறுத்தால் வருகிற எடை
ஒன்றாக இருக்கையில் வருவதில்லை.
ஒன்று புள்ளி எட்டு ஒன்பது ஏழு குறைகிறது.
சேரும்போது கைவிட்டது அது.
பிரிக்க வேண்டுமானால் திருப்பிக் கட்ட வேண்டும்,
ஒளியின் வேகத்தால் இருமுறை பெருக்கி.

ஒரு கிராமுக்கு
இரண்டு லட்சத்து நாலாயிரம் யூனிட்.
என் வீட்டுக்கு அது நூற்றெழுபது வருஷம்,
ஃபிரிட்ஜும் சேர்த்து.
முப்பந்தலில் பழைய காற்றாடி ஒன்று
ஆனியும் ஆடியும் நிற்காமல் சுற்றினால்
ஏறக்குறைய ஒரு கிராம் பிரியும்.
வழியில் வீணாவதைச் சேர்க்கவில்லை.

ஃபேன் சுற்றத் தொடங்கியபோது
பெர்க்மான்ஸ் வந்து நின்றார்.
"ஆஸ்டினும் நானும் பிரிஞ்சாச்சு பாத்துக்கிடுங்க.
இன்னொரு மீட்டர் வேணும் மேடம்."

வாரியத்தின் கணக்கு வேறு.
ஒரே மீட்டரில் நானூறு ஓடினால் ஒரு விலை.
இருநூறு இருநூறாக உடைத்தால்
ஆளுக்கு முதல் நூறு இலவசம்.
உடைந்தால் லாபம்.
அதனால்தான் நேரில் போய்ப் பார்க்கச் சொல்கிறார்கள்.

பெரியவிளை.
நடுவீட்டில் புதுச் சுவர், பூச்சு காயவில்லை,
வெயில் பட்ட இடத்தில் மணல் கறுப்பாய் மினுங்கியது.
இரண்டு வாசல். இரண்டு சிலிண்டர்.
சுவரில் இடுப்பு உயரத்தில்
ஒரு செங்கல் மட்டும் வைக்காமல் விட்டிருந்தார்கள்.
"இது எதுக்கு?"
"வயரு கொண்டுபோவ."

படிவத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போது
அந்த ஓட்டை வழியே ஒரு கை வந்தது,
கிண்ணத்தில் சாளைப் புளிமுளம்.
இந்தப் பக்கத்துக் கை வாங்கி வைத்துக்கொண்டு
அவித்த மரச்சீனியை அனுப்பியது.
முகம் தெரியவில்லை.
பேச்சு நின்று எட்டு மாதமாம்.

கருவுக்குள்ளும்
புரோட்டானும் நியூட்ரானும் கட்டிப்பிடித்து
யாரும் பார்த்ததில்லை.
நடுவில் ஏதோ போய்வருகிறது.
அந்தப் போக்குவரத்துக்குத்தான்
இரண்டு லட்சத்து நாலாயிரம்.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
தனி வாசல்: ஆம்.
தனி அடுப்பு: ஆம்.
ஆஸ்டின் பக்கம் உறுப்பினர்: நால்வர்.
கையெழுத்துப் போட்டேன்.

தெருவுக்கு வந்தால் செருப்பில் மறுபடி மணல்.
அதில் ஏதோ ஓர் அணு
யாரும் பணம் கட்டாமலேயே
இந்நேரம் ஒரு துண்டை வெளியே விட்டிருக்கும்.
இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான்.
கிளம்பும்போதும் நாலும் ஒன்றாகத்தான் கிளம்பும்.

தட்டிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.
அடுத்த வீட்டில் மீட்டர் ஓடவில்லை என்று புகார்.