மிச்சம்

அஸ்தம்பட்டி வாடகை வீட்டில் சிம்னியைத் திறந்தேன்.
ஐந்தடுக்கு அலுமினிய வலை,
ஈரத் துணிபோல் கனத்தது.
முன்பு குடியிருந்தவர்களைப் பார்த்ததில்லை.
கொதிநீரில் சலவைச் சோடா கரைத்து அமுக்கினேன்:
முதலில் மேலே வந்தது மீன்.
அப்புறம் வெந்தயம்,
ஏதோ ஒரு தீபாவளி,
அவசரத்தில் தீய்ந்த வெங்காயம்.
மூன்றாம் தண்ணீரில்
வலையே கறுத்துப்போனது.

"அலுமினியத்துக்குச் சோடா ஆகாதுங்க" என்றார்
செவ்வாய்ப்பேட்டைக் கடையில் ரஹ்மத்துல்லா.
எவர்சில்வர் மடிப்புத் தகட்டில்
காந்தம் வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை.
"வலை பிடிச்சு வெச்சுக்கும்.
இது வழிய விட்டுரும்."

மாட்டி இருபது நாள்.
இன்று கத்தரிக்காய் பொரித்தேன், ஒரு ஆளுக்கு.
அடிக்கிண்ணத்தில் மஞ்சளாய் ஒரே சொட்டு.
ஞாயிறு கழுவிவிடுவேன்.
அடுத்து வருகிறவருக்கு
நான் தின்றது எதுவும் தெரியப்போவதில்லை.

பழைய வலையை இன்னும் எறியவில்லை.