எங்கள் வீட்டுப் புளி

சோஹாரில் வியாழக்கிழமைச் சமையல் என் முறை.
சுவரில் ஒட்டிய தாளில்
என் பேருக்கு நேரே ரஃபீக்குல் வரைந்த மீன்,
வால் மட்டும் பெரிதாக.

அன்றைக்குப் புளி இல்லை.
ஊரிலிருந்து கொண்டுவந்த பொட்டலம்
பெட்டிக்குள்ளேயே உடைந்து
இரண்டு வெள்ளைச் சட்டைகளையும்
ஒரு செபமாலையையும் தின்றிருந்தது.
மிச்சத்தைப் போன வாரமே ஷாஜு
ரசம் என்று சொல்லி
எதையோ வைத்துத் தீர்த்துவிட்டான்.

சட்டியில் வெங்காயம் கண்ணாடியாகிவிட்டது.
ஷிப்ட் முடிந்த ஆறு பேர்
கால் கழுவிக்கொண்டிருக்கிறார்கள்.
கீழே பலூஷி கடைக்கு ஓடினேன்.
எனக்குத் தெரிந்த அரபியில்
கிரேன் உண்டு, சம்பளம் உண்டு, நாளைக்கு உண்டு,
புளி இல்லை.
நாக்கை அண்ணத்தில் ஒட்டி டக்கென்று எடுத்து
ஒரு கண்ணைச் சுருக்கிக் காட்டினேன்.
அவர் யோசிக்கவே இல்லை.
சாக்குக்குள் கைவிட்டு அள்ளிப் போட்டார்
கறுத்துக் காய்ந்த, கனமே இல்லாத
ஏழு காய்கள்.
காதருகே குலுக்கினால்
உள்ளே விதை பேசியது.

லூமி, என்றார்.
எலுமிச்சைதான். உப்புத் தண்ணீரில் ஒரு கொதி,
அப்புறம் வெயில், அப்புறமும் வெயில்.
நான் இறங்கிப் போன பிறகு
படிவரை வந்து கத்தினார்:
விதையை எடுத்துவிடு.

(ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது,
புளிக்கு அரபியில் வைத்த பேருக்குள்ளேயே
நம் நாட்டின் பேர் இருக்கிறதாம்.
கேட்கத் தெரிந்திருந்தால்
அதையே கொடுத்திருப்பார்.
தெரியாமல் போனதும் நல்லதுக்குத்தான்.)

விதையை நான் எடுக்கவில்லை.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை,
குழம்பு மட்டும் அப்படியே இருந்தது.
அடுத்த வியாழன் எடுத்தேன்.
அதற்கடுத்த வியாழன் ரஃபீக்குல்
சட்டியை விரலால் வழித்தான்.

விடுப்பில் போகும்போது இரண்டு கிலோ.
செலஸ்டினா பையைத் திறந்து பார்த்து
பரணில் ஏற்றினாள்.
மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை:
தங்கம் இல்லாவிட்டால் போகட்டும்,
இதையா ஒரு மனுஷன் விமானத்தில் தூக்கிவருவான்?
பிறகு எந்த நாள், எந்த மீன்,
என்ன நினைத்து அதை உடைத்தாள்
என்று எனக்குத் தெரியாது.
போனில் ஒருநாள்
‘அந்தக் கறுப்புக் காய் தீர்ந்துபோச்சு’ என்றாள்,
உப்பு தீர்ந்ததைச் சொல்வதுபோல.

தங்கச்சி நிச்சயதார்த்தத்தில்
மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர்
இரண்டாவது தடவை சோறு கேட்டார்.
இதென்ன புளிப்பு, இந்தப் பக்கத்தில் இல்லையே?
என் அண்ணன் ததேயு நிமிர்ந்து உட்கார்ந்தான்:
‘எங்க வீட்டுப் பக்குவம்.
மூணு தலைமுறையா இப்படித்தான்.’
செலஸ்டினா என்னைப் பார்த்தாள்.
நான் இலையைப் பார்த்தேன்.
எழுபது வருஷம் புளிக்குழம்பு தின்ற அப்பா
ஆமாம் என்று தலையாட்டினார்,
பொய் இல்லை, மனசார.

ரஃபீக்குல் போன மாதம் பெட்டி கட்டினான், ஒரேயடியாக.
போர்வைக்குள் ஒரு பொட்டலம்,
குலுக்கினால் பேசியது.
சில்ஹட்டில் யார் வீட்டில்
இனி மூணு தலைமுறை ஆகப்போகிறதோ.

நேற்று வியாழன்.
எண்ணெய் டின்னில் சாய்த்த போனுக்குள்
என் மகள் ஜெர்லின்,
வீட்டுப்பாடத்தை மூடிவைத்துவிட்டு
என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
‘விதை எடுத்தியாப்பா?’
எடுத்துட்டேம்மா.
‘இல்லேன்னா கசக்கும்.
நம்ம வீட்ல எப்பவும் எடுத்துருவாங்க.
எங்க, எண்ணிக் காட்டு.’

உள்ளங்கையை விரித்தேன்.
பதினொண்ணு.
‘மூணு காய்க்கா?
இன்னும் ஒண்ணு இருக்கும், தேடு.’

கரண்டியைக் குழம்புக்குள் விட்டேன்.