கடவு

மகுடேசன் நடந்து முடித்து வந்து
கைப்பேசியை என் மேசையில் வைத்தான்.
உள்ளே நாற்பத்தோராயிரம் புள்ளிகள்.
ஆலாந்துறையில் கிளம்பி
நொய்யல் காவிரியில் விழும் இடம்வரை
ஒன்பது நாள், ஒரு சோடிச் செருப்பு,
வழியெல்லாம் மோர்.

திருப்பூரில் மாடியறை எனக்கு.
கீழே ஓவர்லாக் மிஷின்கள்
பனியனுக்கு ஓரம் அடிக்க
மேலே நான்
புள்ளிகளைக் கோடாக்கிக்கொண்டிருந்தேன்.

படம் திறக்க நேரமாகிறது,
பாரத்தைக் குறைக்க வேண்டும்.
பத்து மீட்டருக்குள் கோணுவதெல்லாம்
நேர்தான் என்று ஒரு வரி எழுதினேன்.
நாற்பத்தோராயிரம்
ஆயிரத்து இருநூறாயிற்று.
கிளுவை வேலிகளுக்கு நடுவே
நெளிந்து போன இட்டேரிகள்
ஸ்கேல் வைத்த மாதிரி நிமிர்ந்துகொண்டன.
ஊத்துக்குளிக்கு மேக்கால ஒரு பனையடியில்
அவன் காலில் முள் எடுத்த அரைமணி நேரம்
முந்நூறு புள்ளியாய்ச் சிக்கு விழுந்து கிடந்தது.
அதுவும் போயிற்று.

சோதித்துப் பார்க்கப் போன கோகிலவாணி
கத்தாங்கண்ணிப் பக்கமிருந்து கூப்பிட்டாள்:
"ஏனுங்க, உங்க கோடு
கெணத்துக்குள்ள எறங்குதுங்க."

எண்பதடிக் கிணறு. கைப்பிடிச் சுவர் கிடையாது.
அன்றைக்கே அந்த வரியை அழித்தேன்.
மெதுவாகவே திறக்கட்டும் படம்.

ஆற்றை நீலமாகத்தான் கொடுக்கிறார்கள்.
சாயப்பட்டறைக்கு எதிர்த்தாற்போல் குடியிருப்பவருக்கு
அது கொஞ்சம் கூச்சமான நிறம்.
மாற்றினேன், திரும்ப நீலமே வைத்தேன்,
இன்னும் முடிவாகவில்லை.

கிணற்றுக்காரி பெயர் பழனாள்.
காடும் அவளுடையது, கடவும் அவளுடையது.
தடத்தில் அரைக் கிலோமீட்டர்
அவள் சரி என்றால்தான் உண்டு.
கேட்கப் போனபோது
கொறங்காட்டில் எருமையை மாற்றிக் கட்டிக்கொண்டே சொன்னாள்:
"வரட்டும். சோளம் நிக்கறப்ப வரப்படாது.
தட்டறுத்துப் போரு போட்டுட்டா
ஆரு வேணா போவட்டும்."
அது எந்த மாசம்ங்க என்றேன்.
"மழ எப்ப பேயும்னு சொல்லு,
நான் மாசத்தச் சொல்றேன்."

என்னிடம் இருந்ததோ தேதிக் கட்டங்கள்.
ஆரம்பம் ஒன்று, முடிவு ஒன்று.
காலியாக விட்டால் சிவப்பு எழுத்தில் திட்டும்.
மூன்று ராத்திரி மல்லுக்கட்டிவிட்டு
கட்டங்களையே பிடுங்கிப் போட்டேன்.
பழனாளின் கைப்பேசியில்
ஒரே ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தேன்.
தொட்டால் கடவு திறக்கும்,
இன்னொரு தரம் தொட்டால் சாத்தும்.

தொட்டாள்.
பச்சைக் கோடு அவள் வேலியில் அறுந்து
தார் ரோட்டுக்கு ஏறி
பஸ் நிறுத்தத்தைச் சுற்றி
இரண்டேகால் கிலோமீட்டர் நடந்து
அந்தப் பக்கம் வந்து ஒட்டிக்கொண்டது.
"எல்லாத்து போன்லயுமா?" என்றாள்.
எல்லார் போனிலும்.
எருமை கத்தக் கத்தப் பதினேழு தரம்
சாத்தித் திறந்து பார்த்தாள்.

இப்போது படத்தில் தண்ணீர் இருக்கிறது,
நிழல் இருக்கிறது,
'நாய், ஆனால் குலைப்பதோடு சரி' இருக்கிறது.
நடந்தவர்கள் வைத்த குறிகள்.
வெள்ளக்கோயில்காரர் ஒருவர்
தடத்துக்குச் சம்பந்தமே இல்லாத
தன் பரோட்டாக் கடையைச் சேர்த்திருக்கிறார்.
எடுக்க மனசில்லை.

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு
கடவு சாத்தியாயிற்று என்று தகவல் வந்தது.
வைகாசி இது.
காட்டில் சோளம் இல்லை, ஒன்றுமே இல்லை.
கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன்.
ஏன் என்று எழுதுவதற்கு
பொத்தானுக்குக் கீழே
நான் இடமே விட்டிருக்கவில்லை.

கோடு பஸ் நிறுத்தத்தைச் சுற்றிக்கொண்டு போனது.
விடிந்தால் நடக்கப் போகிற ஆறு பேருக்கு
அரைமணி முன்னாடியே கிளம்பச் சொல்லி அனுப்பிவிட்டு
விளக்கை அணைத்தேன்.