மரம் எண் நாற்பத்தொன்று

தோ பாயோ, லோரோங் எட்டு.
தூங்குமூஞ்சி மரம். சுற்றளவு மூன்று மீட்டர் பத்து.
அதுவரை படிவத்தில் சிக்கலில்லை.

தூக்கி வாளியில் பூவலிங்கமும் நானும்
நான்காம் மாடிச் சன்னல்களின் உயரத்தில் நிற்கிறோம்.
யார் வீட்டிலோ மீன் பொரிகிறது.
மூங்கில் கழியில் பள்ளிச் சீருடை சொட்டுகிறது.
கிளைக் கவட்டில் ஒரு கொத்துப் பச்சை.
ஆர்க்கிட் என்பதுவரை சொல்லலாம்.
அதற்கு மேல் சொல்ல
அது எதையும் காட்டவில்லை.

முதல் கேள்வி, வளரும் விதம்.
ஒற்றைத் தண்டாய் மேலே மேலே போவது ஒரு வகை.
வாண்டா அப்படி. திரும்பிப் பார்க்காது.
பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து
புதுத் தண்டு வைத்துக்கொண்டே போவது மற்றது.
பழைய தண்டை உதறாது,
இலை கொட்டிய பின்னும்
தண்ணீர்க் குடமாக வைத்துக்கொள்ளும்.
இது இரண்டாவது.
சரி போட்டேன்.

அடுத்தது வாழிடம்.
மண், பாறை, மரம் என்று மூன்று கட்டங்கள்.
படிவம் அடித்தவர் எவரோ
நான்காவதாய் ‘ஒட்டுண்ணி’ என்றும் சேர்த்திருந்தார்.
என் தோளுக்கு மேலாகப் பார்த்த பூவலிங்கம்
“அது இல்லக்கா” என்றான்.
“சோத்துக்கு மரத்தக் கேக்கல,
நிக்கத்தான் எடம் கேக்குது.”
வேரைத் தொட்டுக் காட்டினான்:
வெள்ளைப் பஞ்சுறை, காய்ந்த சுண்ணாம்பு போல.
தண்ணீர்ப் புட்டியைச் சாய்த்து
இரண்டு சொட்டு விட்டான்.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையானது.

மூன்றாவது கேள்வியில்தான் மாட்டிக்கொண்டேன்.
பூ.
இந்தக் குடும்பத்தில் இலையை நம்ப முடியாது,
இருபத்தெட்டாயிரம் பெயர்களில்
பாதிக்கு மேல் இப்படித்தான் இலை வைத்திருக்கும்.
மூன்று புறவிதழ், இரண்டு அகவிதழ்,
வண்டு வந்து உட்கார
உதடாக மாறிய மூன்றாம் அகவிதழ்,
ஆணும் பெண்ணும் ஒட்டிப் பிறந்த தூண்,
தூளாகச் சிந்தாமல் உருண்டையாகத் திரண்டு
தேனீயின் முதுகில் மூட்டையேற்றும் மகரந்தம்.
இவற்றில் எது எப்படி என்று தெரிந்தால்
பெயர் சொல்லிவிடலாம்.
மொட்டு விரியும் முன்
காம்போடு அரைவட்டம் திருகித்
தலைகீழாகிக்கொள்ளுமாம் பல.
உதடு கீழே வர வேண்டும் என்பதற்காக.
அதைப் படித்த அன்று
என் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

இனம்: தெரியவில்லை.
மலராத நிலை.
கையெழுத்து.
அன்று பார்த்த மற்ற மரங்களில்
பன்னிரண்டு, பத்தொன்பது, முப்பத்து மூன்று,
எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை விடியுமுன்
சுமத்ராவிலிருந்து காற்று வந்தது.
புளோக்கின் அத்தனை கதவுகளும் அடித்துக்கொண்டன.
போர்வை தேடினேன், இந்த ஊரில்.
மழை விட்டது. மறந்துபோனேன்.

ஒன்பதாம் நாள், ஞாயிறு.
தேக்காவுக்கு மீன் வாங்கப் போகும் பேருந்தில்
எதிரில் இருந்த சீனக் கிழவர்
சன்னலைத் தட்டினார், என்னைப் பார்த்தார், சிரித்தார்.
சாலை முழுக்க வெள்ளை.
தொண்டையில் ஒரு பொட்டு மஞ்சளோடு
சிறகு விரித்த புறாக்கள்
கிளைகள்தோறும் வரிசையாக.
புறா ஆர்க்கிட்.
வெப்பம் சட்டென்று இறங்கியதை
தீவு முழுக்க ஒன்றாக உணர்ந்து
ஒன்பது நாள் எண்ணி
ஒரே காலையில் திறந்திருக்கின்றன.
நாற்பத்தொன்றும்தான். அதை எதிர்பார்த்தேன்.
பன்னிரண்டும். பத்தொன்பதும்.
முப்பத்து மூன்றில்
இலையே தெரியவில்லை, அவ்வளவு பூ.

இறங்கிவிட்டேன், இரண்டு நிறுத்தம் முன்னதாக.

படிவம் அலுவலகத்தில் இருக்கிறது.
அலுவலகம் திங்கள் எட்டரைக்குத் திறக்கும்.
இவை ஞாயிறு மாலையே மூடிவிடும்.
பேருந்து நிறுத்தத்தில் நின்று
கைப்பையைக் கிளறி
மின்கட்டண ரசீதின் பின்புறம்
எண்களை எழுதிக்கொண்டிருந்தபோது
கிராஞ்சியிலிருந்து ஒரு படம் வந்தது.
தங்கும் விடுதி வேலி, காயப்போட்ட நீலச் சட்டை,
நடுவே பெயர்ப்பலகையில்லாத ஒரு மரம்,
அதன் மேலெல்லாம் புறா.

“அக்கா, இதுக்கு நம்பர் இல்ல.
எந்த வரிசையில எழுதுவீங்க?”

ரசீதில் இடம் இருந்தது.
ஓரமாக.