ஓட்டோவுக்குள் ஐந்து பேர்

கிளிநொச்சி மாவட்டத்தில்
கூடைப்பந்துக்கு இருக்கிற ரசிகர் முழுப்பேரையும்
ஒரு ஓட்டோவுக்குள் அடைக்கலாம்.
அடைத்தாயிற்று.
பரந்தன் சந்தி. கார்த்திகை மழை.
பக்கத் திரையை இழுத்துக் கட்டிக்கொண்டு
ஐந்து பேர், நாலு ரோல்ஸ்.

மற்ற ஆட்களுக்கு உதைபந்து இருக்கிறது,
கரப்பந்து இருக்கிறது.
எங்களுக்கு ஒரு சீமெந்துத் தரை,
ஒரு பக்கம் சாய்ந்த றிங்,
பதினொரு ஆட்டத்தில் ஒன்பது தோல்வி.

"ஆளை மாத்த வேணும்" என்றான் யோகசீலன்.
ஓட்டோ அவனுடையது, ஆகவே முதற்பேச்சும்.
"மன்னாரிலை ஒருத்தன் நிக்கிறான், றெமீசியஸ்.
இடதுகை.
எறிஞ்சால் றிங்குக்குத் தெரியாது,
வலைக்கு மட்டும்தான் தெரியும்."

பவிந்தன் உயர்தரம் படிக்கிறான்,
இரவிரவாய் அமெரிக்க ஆட்டம் பார்த்துக் கண் சிவந்தவன்.
"வாற ரெண்டு வருசத் தெரிவையும் குடுத்து வாங்கலாம்."
"எந்தத் தெரிவு?" என்றாள் துளசிகா.
"எங்கடை தெரிவு, கணக்கிலை பெயிலாகி
பின்னேரத்திலை சும்மா நிக்கிற பெடியள்."

இடமாற்றம் என்றால் இங்கே
ஆசிரியர்மாருக்கு வருவது.
துணுக்காய்க்குப் போட்டால்
எம்.பி.யைப் பிடித்து நிறுத்துவது.
ஆட்டக்காரனுக்கு வந்தது ஒருமுறைதான்:
எங்கள் சுபீசனைக் கட்டார் எடுத்தது.
ஈடாக வந்தது ஒரு சோடி சப்பாத்து,
பன்னிரண்டாம் அளவு.
இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது.

காண்டீபன் நீதிமன்றத்தில் எழுதுவினைஞர்.
உரப் பற்றுச்சீட்டின் பின்பக்கம் நடுவே கோடு கீறி
போகிறவர், வருகிறவர் என்று
வழக்குப் போல எழுதத் தொடங்கினார்.
வருகிற பக்கம் நிறைந்தது:
மன்னார், வவுனியா,
முல்லைத்தீவில் ஆறடி மூன்று அங்குலத்தில்
ஒரு பாண் போறணைக்காரன்.
போகிற பக்கம் வெள்ளை.

"சும்மா தருவாங்களே?"

கூரையில் மழை விழுகிற சத்தத்துக்கு
எல்லோரும் காது கொடுத்தார்கள்.
அப்போதுதான் எனக்கு விளங்கியது,
ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினான்காம் இலக்கம் என் மனுசன்.

"அக்கா, நாங்கள் ஒரு கதைக்குத்தான்…"
கதைக்குத்தானே நானும் வந்தேன்.
முப்பத்தேழு வயது.
மின்சார சபையில் கம்பம் ஏறுகிற வேலை.
றிங்குக்குக் கீழே பந்துக்கு எழும்பும்போது
இடது முழங்கால் சொடுக்குவது
கோட்டுக்கு வெளியே நிற்கிற எனக்குக் கேட்கும்.
இரவில் உப்புத்தண்ணீர்.
கேட்டால், குளிர் என்பார்.
சித்திரையிலும் குளிர்.

"எழுதுங்கோ" என்றேன்.
காண்டீபன் பேனையை மூடினார்.
"எழுதுங்கோ அண்ணை. ஆனால் போறணைக்காரனுக்கு இல்லை.
உயரம் எங்களிட்டைக் கிடக்கு,
பந்தை அங்காலை கொண்டுபோக ஆளில்லை.
றெமீசியசைத் தந்தால் குடுங்கோ.
அதிலை குறைஞ்ச ஆளெண்டால்
நான் விடமாட்டன்."

யோகசீலன் தலையைச் சொறிந்தான்.
பவிந்தனுக்கு வாய் திறந்தபடி.
துளசிகா தன் ரோல்ஸைப் பிய்த்து
பெரிய துண்டை எனக்குத் தந்தாள்.

வீட்டில் அவர் வாளிக்குள் ஒரு கால் வைத்திருந்தார்.
ஈரக் குடையை நான் மூலையில் சாத்தும்வரை பொறுத்தார்.

"என்ன முடிவு?"
"உங்களைக் குடுத்திட்டம்."
"ஆருக்கு?"
"மன்னார் றெமீசியசுக்கு."

தண்ணீரைக் காலால் ஒருமுறை கலக்கினார்.
"இடதுகை" என்றார்.
"வலப்பக்கத்தாலை பந்து குடுத்தால் பிந்திப்போவான்.
பெடியளிட்டைச் சொல்லி வை."

சோறு போட்டேன். பருப்பு ஆறியிருந்தது.
பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் மட்டும்தானோ?
இல்லை, என்னோடை வேறை ஆரையும்
சேர்த்துக் கேட்டவையோ?"

"ஆளுக்கு ஆள்" என்றேன்.
"ஒரு பந்துகூட மேலதிகமாய்க் குடுக்கேல்லை."

பிறகு அவர்
இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.