வாளியோடு ஏறியவன்

நான்காம் மாடியிலிருந்து புகை இறங்கியது
மதியம் மூன்று மணிக்கு, கொட்டும் மழைக்கு நடுவே.
நெருப்பில்லாமல் புகையுமா என்று
வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.
முட்டிவலி இரண்டாம் மாடியில்தான் ஞாபகம் வந்தது.
பாதித் தண்ணீர் படிக்கட்டுக்கு.

நடைவழியில் ஒரு கரியடுப்பு.
அதன்மேல் தேங்காய்ச் சில்லுகள் கருகிக்கொண்டிருந்தன,
யாரோ மறந்துபோனதால் அல்ல.
நூர்வினா பக்கத்திலேயே குந்தியிருந்தாள்.
இடுக்கியால் ஒவ்வொன்றாய்ப் புரட்டி
"இன்னும் போதாது" என்றாள்,
என்னிடமா சில்லிடமா தெரியவில்லை.

ஹோலோ தீவுக்காரி. கியாப்போ சந்தையில் முத்துமாலை விற்கிறாள்.
மூன்று வருடமாய் என் தலைக்கு மேலே நடக்கிறாள்.
அவளுடைய தவுசூக் எனக்குப் புரியாது.
என் தகலோக் அவளிடம்
"குழாயில் வருகிறதா" என்பதைத் தாண்டியதில்லை.

நான் பதங்காஸில் பிறந்தவன்.
எங்கள் புலாலோவில் கிண்ணத்தின் அடி தெரியவேண்டும்.
எலும்பு நான்கு மணி நேரம் வேகும்,
நுரை எழ எழ அள்ளி எறிந்தபடி
அடுப்பை விட்டு நகரமாட்டேன்.
சாறு கலங்கினால் என் அண்ணன் ரொமூலோ
மேசையை விட்டே எழுந்துவிடுவான்.
அந்தக் கரியை அவள் உரலில் போட்டபோது
ஐயோ என்றேன்.

சத்தமாகத்தான்.

இடித்தாள். கரி தூளாகி, தூள் எண்ணெய் கக்கி
தார்போல் பளபளத்தது.
அதோடு பேரரத்தை, மஞ்சள், இஞ்சி, பூண்டு,
அடிபட்டு நார்நாராய்க் கிழிந்த எலுமிச்சைப்புல்.
எலும்போடு வெட்டிய மாட்டுத் துண்டுகளில்
அத்தனையையும் போட்டுப் பிசைந்தாள்.
மூக்கைத் துடைத்ததில் முகத்திலும் கரி.
அதற்கெல்லாம் கவலைப்படுகிறவளாய்த் தெரியவில்லை.

சட்டியில் விழுந்ததும் கறி சீறியது.
அடுத்து தண்ணீர் வேண்டும்.
அவள் குடம் காலி. குழாயில் அன்றைக்கும் வெறும் காற்று.
என் வாளியைப் பார்த்தாள்.

தீயை அணைக்க வந்த தண்ணீர்
தீயின்மேல் ஏறி உட்கார்ந்து
கொதிக்கத் தொடங்கியது.

என்ன விசேஷம் இன்றைக்கு என்றேன்.
"மழை" என்றாள்.

நான் போயிருக்கலாம். போகவில்லை.
இருட்டும் நேரத்தில் ஒரு கிண்ணம் நீட்டினாள்.
அடி தெரியவில்லை. கரண்டியை இறக்கினால்
எதில் முட்டும் என்று சொல்லமுடியாத கறுப்பு.
முதலில் நாக்கில் புகை.
அப்புறம் அரத்தையின் காரம், மூக்குவழியாக.
அப்புறம் வெகு ஆழத்தில்
எனக்கு நன்றாகத் தெரிந்த மாடு.
எலும்பொன்று அகப்பட்டது. தட்டி உறிஞ்சினேன்.
உள்ளே மஜ்ஜை
வெள்ளையாகவே இருந்தது.

நன்றாயிருக்கிறது என்று சிரித்தேன்.
என் பல்லைப் பார்த்து அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் வாய்தவறி
ஞாயிற்றுக்கிழமை என் புலாலோ சாப்பிட வா என்றுவிட்டேன்.
என் சட்டி அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.
எத்தனை பன்றி வெந்திருக்கும் அதில்.
மறைக்காமல் சொன்னேன்.
தலையாட்டினாள், கோபமில்லை.
"நீ தண்ணீர் மட்டும் கொண்டுவா."

நேற்று பாத்திரக்கடையில் புதுச் சட்டி விலை கேட்டேன்.
அவன் ஒன்று சொன்னான், நான் ஒன்று சொன்னேன்.
இன்னும் வாங்கவில்லை.
அவள் சாப்பிடக்கூடிய இறைச்சி எந்தக் கடையில் கிடைக்கும் என்றும்
கேட்கவேண்டும் அவளிடம்.
மேலே ஏற ஒரு காரணம் இருக்கிறது,
வாளி அங்கேதான்.